குப்பைமேனியின் பொய் வயது: நகரக் காற்றில் உள்ள காபன் எங்கிருந்து வந்தது?

காலை ஐந்தரை மணிக்குத் திருகோணமலை அநுராதபுரச் சந்தியில் நின்றால் மூன்று நான்கு விதமான எரிதல்கள் மூக்குக்கே பிடிபட்டுவிடும். கொழும்பு பஸ் ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமல் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். தேநீர்க் கடையின் பின்பக்கத்தில் விறகடுப்புப் புகையும். அடுத்த கடையில் எரிவாயு அடுப்பின்மேல் ரொட்டிக் கல் சூடேறும். இரவு யாரோ கொளுத்திவிட்டுப் போன குப்பை சாம்பலாகாமல் கனன்றுகொண்டிருக்கும். மணத்தை வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்லலாம். ஆனால் இவை அத்தனையிலிருந்தும் வெளியேறும் காபனீரொட்சைட்டுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அந்த நேரத்தில் வீடுகளுக்குள் உறங்கும் மனிதர்களின் மூச்சும், வேலியோரத்து வேம்பின் இரவுச் சுவாசமும், ஈரமண்ணில் இலைகுழையை உக்கவைக்கும் நுண்ணுயிர்களின் சுவாசமும் அதே வாயுவைத்தான் அதே காற்றில் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. கருவி ஒன்றை வைத்து அளந்தால், மில்லியனுக்கு 450 பங்கு என்பதுபோல ஒற்றை எண் கிடைக்கும். அந்த எண்ணில் பெற்றோலின் பங்கு எவ்வளவு, விறகின் பங்கு எவ்வளவு, மரத்தின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது.

எரிபொருள் விற்பனைக் கணக்கைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம், டீசல் என்றால் சுமார் 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும் என்பது தெரிந்ததே; விற்ற லீற்றர்களைப் பெருக்கினால் விடை வந்துவிடும். நாடு முழுவதற்கும் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு நகரத்துக்கு அது நெகிழ்ந்துவிடுகிறது. இங்கே நிரப்பிய டீசலைக் கொழும்பு போகும் பஸ் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் அப்பால்தான் பெரும்பகுதி எரிக்கிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் படகுக்கு வாங்கிய மண்ணெண்ணெய் கொட்டியாரக் குடாவில் எரிகிறது. காட்டில் பொறுக்கிய விறகுக்கு எந்தக் கடையிலும் பற்றுச்சீட்டு இல்லை. ஆகவே கணக்குப் புத்தகத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, காற்றையே விசாரிக்க வேண்டியிருக்கிறது. அந்த விசாரணைக்கு உதவுபவை காபனின் சமதானிகள்.

சமதானி என்பது நம் பாடநூல்ச் சொல். தமிழகத்தில் ஐசோடோப்பு என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் பொருள் ஒன்றே: ஒரே மூலகத்தின் அணுக்கள், புரோத்தன் எண்ணிக்கையில் ஒத்து, நியூத்திரன் எண்ணிக்கையில் வேறுபடுபவை. காபன் அணு ஒவ்வொன்றிலும் 6 புரோத்தன்கள். இயற்கையில் நூற்றுக்கு ஏறக்குறைய 98.9 அணுக்களில் 6 நியூத்திரன்களும் இருக்கும், அது காபன்-12. ஏறக்குறைய 1.1 வீதமான அணுக்களில் ஒரு நியூத்திரன் கூடுதல், அது காபன்-13. இவ்விரண்டும் நிலையானவை. மூன்றாவதான காபன்-14 கதிர்த்தொழிற்பாடு உடையது. இன்றைய காற்றின் காபனில் ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் அது இருக்கிறது. எண்ணிக்கையில் இத்தனை அற்பமான இந்த மூன்றாவதுதான் திருகோணமலை போன்ற ஓர் ஊரில் முக்கியமான சாட்சி என்பது இக்கட்டுரையின் வாதம். ஆனால் முதலில் காபன்-13ஐக் கவனித்தால்தான், அது ஏன் இங்கே போதாமல் போகிறது என்பது விளங்கும்.

காபன்-13 சற்றுப் பாரமானது. இலை காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை உள்ளிழுத்து ஒளித்தொகுப்புச் செய்யும்போது, பாரம் குறைந்த காபன்-12 கொண்ட மூலக்கூறுகளே சற்று எளிதாக வினைப்படுகின்றன. அதனால் தாவரத்தின் உடலில் காபன்-13இன் விகிதம் காற்றில் உள்ளதைவிடக் குறைந்துவிடுகிறது. இந்தக் குறைவு மிகச் சிறியது என்பதால் சதவீதத்தில் எழுதாமல் ஆயிரத்துக்கு இத்தனை என்று எழுதுவார்கள். ஒப்பிடும் நியமம் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பீ டீ என்னும் படிவப் பாறையில் கிடைத்த, கணவாயின் தூரத்து உறவான, அழிந்துபோன கடல்விலங்கு ஒன்றின் சுண்ணாம்புச் சுவடு. அந்தச் சுவடு எப்போதோ அரைத்துத் தீர்ந்துவிட்டது. அதன் மதிப்பை மட்டும் வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம் வேறு கல்லின் வழியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதைப் பூச்சியம் என்று வைத்தால், இன்றைய திறந்த கடற்காற்றின் காபனீரொட்சைட்டு ஆயிரத்துக்கு −8.5 அளவில் நிற்கிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் அது −6.4 அளவில் இருந்தது. இந்த இறக்கத்துக்குப் பெரும் காரணம், தாவரங்களிலிருந்து உருவாகிக் காபன்-13 குறைந்த நிலையிலேயே நிலத்தடியில் கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து அதே காற்றில் கலந்ததுதான்.

தாவரங்களுக்குள்ளும் இரண்டு பெரிய சாதிகள் உண்டு. நெல், தென்னை, பனை, மா, வேம்பு, பெரும்பாலான மரஞ்செடிகள் ஆகியவை ஒருவகை. இவற்றின் மதிப்பு −27ஐச் சுற்றி இருக்கும். சோளம், கரும்பு, குரக்கன், அறுகம்புல், வெப்பநிலத்துப் புற்களில் மிகுதியானவை மற்றொரு வகை. காபனீரொட்சைட்டை முதலில் வேறொரு நொதியத்தால் பிடித்துச் சேர்த்துவைத்துப் பின்னர் பயன்படுத்துவதால் இவற்றில் காபன்-13 ஒதுக்கப்படுவது குறைவு, மதிப்பு −13 அளவில் இருக்கும். முதல்வகையை மூன்று காபன் தாவரங்கள் என்றும் மற்றதை நாலு காபன் தாவரங்கள் என்றும் சொல்வது வழக்கம். உண்டவரின் உடலிலும் மூச்சிலும் இந்த வேறுபாடு அப்படியே தொடரும். காலையில் அரிசிமாப் பிட்டு சாப்பிட்டவரின் மூச்சையும் குரக்கன் பிட்டு சாப்பிட்டவரின் மூச்சையும் சில மணிநேரம் கழித்துத் தனித்தனிக் குடுவைகளில் பிடித்தால் இரண்டையும் கருவி வேறுபடுத்திவிடும். பிளேன்ரீயில் கரும்புச் சீனி எத்தனை கரண்டி போட்டார் என்பதும் அதில் சற்றுத் தலைகாட்டும். பிரட்றிக் கோட்டைக்குள் அறுகம்புல் மேயும் புள்ளிமான்களின் மூச்சு, கோணேசர் கோயிலுக்குப் படியேறும் சோறுண்ட அடியாரின் மூச்சைவிட ஆயிரத்துக்குப் பத்துக்குமேல் உயர்ந்திருக்க வேண்டும். மான்களின் எண்ணிக்கை நகரத்தின் காபன் கணக்கைப் பாதிக்காது என்பதால் இதை இத்துடன் விடலாம்.

எரிபொருள்களுக்கு வருவோம். நிலக்கரி −24, −25 அளவில் இருக்கும். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், கப்பல்களின் கனத்த எண்ணெய் யாவும் −27க்கும் −30க்கும் இடையில் விழும். குழாய்வழி வரும் இயற்கை வாயு, அதாவது மெதேன், மிகவும் தாழ்ந்தது: −40ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் இருக்கும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு, அரைத்தால் சீமெந்தாகும் கிளிங்கர் கட்டிகளைச் செய்யும்போது வெளியேறும் வாயு பூச்சியத்தை ஒட்டி இருக்கும், ஏனென்றால் அது கடல்விலங்குகளின் ஓட்டிலிருந்து வந்த கல்.

காபன்-13 எங்கே கைகொடுத்தது

கலந்துபோன காற்றிலிருந்து மூலத்தைப் பிரித்தெடுக்கும் எளிய வழியைச் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் வெளியிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காபனீரொட்சைட்டைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கி, இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் ஏறுவரையை உலகுக்குக் கொடுத்தவர் அவரே. அதற்குமுன் கலிபோர்னியக் காடுகளில் இரவும் பகலும் குடுவைகளில் காற்றுப் பிடித்தபோது, இரவில் வாயுவின் செறிவு ஏற ஏற அதன் காபன்-13 மதிப்பு ஒழுங்காக இறங்குவதைக் கண்டார். கிடை அச்சில் செறிவின் தலைகீழ் எண்ணையும் (ஒன்றைச் செறிவால் வகுத்தது) நிலைக்குத்து அச்சில் காபன்-13 மதிப்பையும் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டை நீட்டி நிலைக்குத்து அச்சைத் தொட வைத்தால், தொடும் இடம் கலக்கவந்த மூலத்தின் மதிப்பாக இருக்கும். வந்து கலந்தது காட்டின் சுவாசம் என்பதை அவர் இப்படித்தான் கண்டறிந்தார்.

இதை நம் சந்திக்குப் பொருத்திப் பார்ப்போம். கடற்காற்று மில்லியனுக்கு 420 பங்கு, மதிப்பு −8.5 என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் சந்தியில் 450 பங்கு. கூடிய 30 பங்கும் −28 உடைய மூலத்திலிருந்து வந்திருந்தால் கலவையின் மதிப்பு −9.8 ஆக இருக்கும். அந்த 30 பங்கும் −40 உடைய இயற்கை வாயுவிலிருந்து வந்திருந்தால் −10.6 ஆகியிருக்கும். −13 உடைய புல்லிலிருந்து வந்திருந்தால் −8.8 மட்டுமே. அணுக்களைப் பாரத்தின்படி பிரித்து அளக்கும் நல்ல திணிவு நிறமாலைமானி ஆயிரத்துக்கு 0.1க்கும் குறைவான வேறுபாட்டைப் பிடித்துவிடும் என்பதால், இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதில் கருவிக்குச் சிரமமே இல்லை.

அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியில் டயான் பட்டாக்கியும் டேவிட் பௌலிங்கும் ஜேம்ஸ் எஹ்லரிங்கரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மலைகளால் சூழப்பட்ட அந்தப் பள்ளத்தாக்கு நகரில் குளிர்காலத்தில் வீடுகளை வெப்பமூட்ட இயற்கை வாயு எரிகிறது. மரங்கள் இலையுதிர்த்து அடங்கிக் கிடக்கின்றன. அப்போது மூலத்தின் மதிப்பு நன்றாகத் தாழ்ந்துவிடுகிறது. கோடையில் வெப்பமூட்டிகள் நின்று மரமும் மண்ணும் சுவாசிக்கத் தொடங்கியதும் மதிப்பு மேலேறுகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் வாகனங்களின் பெற்றோல் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மூன்று மூலங்களும் ஒன்றுக்கொன்று போதிய தூரத்தில் இருந்ததே அந்த வெற்றிக்குக் காரணம்.

இப்படிப்பட்ட ஆய்வுகளைப் பற்றி எழுதுபவர்கள் சமதானியைக் கைரேகை என்று வருணிப்பது வாடிக்கையாகிவிட்டது. அந்த உவமை எனக்கு உடன்பாடில்லை. கைரேகை ஆளுக்கு ஆள் மாறும். காபன்-13 தருவது முகச்சாடை. ஒரே குடும்பத்தில் நான்கு பேருக்கு ஒரே சாடை இருக்கலாம். திருகோணமலையில் இருப்பது அந்த நிலைமைதான். இங்கே குழாய்வழி இயற்கை வாயு இல்லை. சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும். பெற்றோலியத்தின் பிள்ளைகளான அவை மெதேனைப்போல அவ்வளவு தாழ்வதில்லை. வெப்பமூட்டும் குளிர்காலமும் இல்லை. ஆக, பெற்றோல் −28 என்றால், விறகு −27. தம்பலகாமத்து வயலில் அறுவடைக்குப்பின் கொளுத்தும் வைக்கோல் −28. மரங்களின் சுவாசம் −27. சோறு உண்ட மனிதரின் மூச்சும் அதற்குச் சற்றுத்தான் மேலே. சந்தியில் கீலிங் முறைப்படி கோடு போட்டு −27.5 என்று விடை வந்தால், அது முழுக்க வாகனப்புகையாகவும் இருக்கலாம், முழுக்க அடுப்புப்புகையாகவும் இருக்கலாம், வாகனமே இல்லாத காட்டின் சுவாசமாகவும் இருக்கலாம். கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதைத் தீர்க்க முடியாது. சம்பூரில் முன்மொழியப்பட்டு 2016இல் கைவிடப்பட்ட நிலக்கரி மின்நிலையம் எழுந்திருந்தால்கூட, அதன் −24ஐ மற்றவற்றிலிருந்து பிரிப்பது எளிதாக இருந்திராது. வேறு நாட்டு நகரத்தில் வென்ற முறையை அப்படியே இங்கு இறக்கிவைக்கும் ஆர்வலர்கள், ஊர் எதை எரிக்கிறது, எதை உண்கிறது என்பதை முதலில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

பூச்சியம் என்னும் சாட்சி

இங்கே காபன்-14 வருகிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் நியூத்திரன்களைத் தெறிக்கச் செய்கின்றன. நியூத்திரன் ஒன்று நைதரசன் அணுவில் மோதிப் புரோத்தன் ஒன்றை வெளியே தள்ளினால் அங்கே காபன்-14 பிறக்கிறது. அது ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகிக் காற்றில் கலந்து, இலைக்குள் போய், சோற்றுக்குள் போய், நம் உடலுக்குள் வந்துவிடுகிறது. உயிருள்ளவரை காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடப்பதால் அளவு குறைவதில்லை. இறந்தபின் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும்: சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்குப்பின் அளக்கத்தக்க அளவில் ஒன்றும் மிஞ்சாது. பெற்றோலியமோ பல மில்லியன் ஆண்டுகள் பழையது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன அல்லவா, அவற்றில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஊற்றிய எண்ணெயிலும் இன்று ஊற்றும் எண்ணெயிலும் காபன்-14 ஒன்றுபோலவே பூச்சியம்.

விறகு, வைக்கோல், மூச்சு, மண் ஆகியவற்றிலோ இன்றைய காற்றின் அளவில் காபன்-14 இருக்கிறது. காபன்-13 ஒரே சாடையில் காட்டிய கூட்டத்தை இந்த ஒரு கேள்வி இரண்டாகக் கிழித்துவிடுகிறது. கணக்கும் எளிது. கடற்காற்றின் காபன்-14 அளவை 100 என்று வைப்போம். சந்தியில் கூடிய 30 பங்கும் பெற்றோலிய எரிபொருள் என்றால், 450இல் 420 பங்குக்குத்தான் காபன்-14 உண்டு, அளவு 93.3 ஆகக் குறையும். முப்பதும் விறகும் மூச்சும் என்றால் 100 அப்படியே நிற்கும். பாதிக்குப் பாதி என்றால் 96.7. அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஆர்முடுக்கித் திணிவு நிறமாலைமானி ஆயிரத்துக்கு 2 அளவு வேறுபாட்டை உணரும். மில்லியனுக்கு ஒரு பங்கு பெற்றோலிய வாயு வந்து கலந்தாலே தெரிந்துவிடும். தாவரங்கள் காபன்-13ஐ ஒதுக்குவதுபோல காபன்-14ஐயும் ஏறக்குறைய இருமடங்காக ஒதுக்குவதால், காபன்-13 மதிப்பைக் கொண்டு இதைத் திருத்திக்கொள்வார்கள். ஆகவே முதற்சாட்சி ஓய்வெடுக்கப் போய்விடுவதில்லை.

பழைய காபன் புதிய காற்றை நீர்க்கச் செய்கிறது என்பதை முதலில் காட்டியவர் ஹான்ஸ் சூஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த மரத்தைவிட இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த மரத்தில் காபன்-14 குறைந்திருப்பதை 1955இல் அவர் அறிவித்தார். சூஸ் விளைவு என்ற பெயர் அதனால் வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று: திறந்த வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வட அரைக்கோளக் காற்றின் காபன்-14 அளவை 1963, 1964 அளவில் ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. 1963இல் அத்தகைய சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தபின் கடலும் காடும் அந்த மிகுதியை மெல்ல மெல்ல உறிஞ்சின. பெற்றோலியப் புகை எஞ்சியதை நீர்க்கச் செய்தது. 2020களின் தொடக்கத்தில் அளவு ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அந்தக் குண்டுக் காபன் முற்றாக மறைந்துவிடவில்லை, மரத்துக்குள் பதுங்கியிருக்கிறது. இது திருகோணமலைக் கணக்கில் ஒரு கண்ணி. 1970களில் வளர்ந்த வளையங்கள் உள்ள முதிர்ந்த மரத்தை இன்று தறித்து அடுப்பில் வைத்தால், இன்றைய காற்றைவிடக் கூடுதலான காபன்-14 வெளியேறும். அந்தக் கூடுதல், பக்கத்தில் ஓடும் ஓட்டோவின் பூச்சியத்தைப் பகுதியாக மறைத்துவிடும். பெற்றோலின் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். தென்னம் பாளை, மட்டை, பொச்சு, கிளிசரிடியாக் கொப்பு போன்ற ஓரிரு ஆண்டு வயதான விறகில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே எந்த வீட்டில் எந்த விறகு என்ற சிறு விசாரணை, ஆய்வுகூடத்து இலட்சக்கணக்கான ரூபாய்ச் செலவைவிட முக்கியமாகிவிடுகிறது.

சீமெந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனக்குடாப் பக்கம் சீமெந்து ஆலை இருப்பதால் நகரின் காபனீரொட்சைட்டில் பெரும்பங்கு அதற்குரியது என்று நினைப்பவர்கள் உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சுடும் சூளையில்தான் கல்லுக்குள் இருந்த காபனீரொட்சைட்டு வெளியேறும். இங்கே வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கிளிங்கரை அரைப்பதுதான் வேலை. கல் சுட்ட புகை அந்தந்த நாட்டிலேயே போய்விட்டது. அரைக்கும் இயந்திரங்களுக்கு விறகு எரித்து மின் எடுத்தால், அந்தப் புகைபோக்கியின் சமதானி ஒரு சிறு காடு மூச்சுவிடுவது போலத்தான் தெரியும். எதிர்மாறாக, நம் வீட்டு மின்விளக்கின் காபன் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கியில் வெளியேறிப் புத்தளக் கரையோரக் காற்றில் கலக்கிறது. அநுராதபுரச் சந்தியில் எத்தனை குடுவை பிடித்தாலும் அது அகப்படாது. காற்றை அளப்பவருக்குக் கிடைப்பது இந்த இடத்தில் வெளியேறியதன் கணக்கு. இந்த ஊரார் பொறுப்பேற்க வேண்டியதன் கணக்கு வேறு.

வாடையும் கச்சானும்

மேலே கடற்காற்று 420 என்றும் 100 என்றும் எடுத்துக்கொண்டேன். உண்மையில் பின்னணிக் காற்றை, அதாவது நகரத்தின் புகை கலக்குமுன் உள்ள காற்றை, ஒவ்வொரு முறையும் அளந்தாக வேண்டும். மொத்தக் கணக்கும் இந்த ஒரு கழித்தலில்தான் தொங்குகிறது. வாடைக்காலத்தில் வங்காள விரிகுடாவைக் கடந்து வடகிழக்கிலிருந்து காற்று வருகிறது. அப்போது நிலாவெளிக்கு வடக்கே, வீதியிலிருந்து விலகிய கரையில் பிடிக்கும் காற்றைப் பின்னணியாகக் கொள்ளலாம். அதுவும் முழுத் தூய்மையானது என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக்கூடாது: விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் புகை அதில் கலந்திருக்கும், அணு உலைகள், சிறப்பாகக் கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற கனநீர் உலைகள், சிறிதளவு காபன்-14ஐ வெளிவிடுவதால் காற்று வந்த வழியையும் பார்க்க வேண்டும்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் கதை வேறு. காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து தீவின் காடுகளையும் குளங்களையும் வயல்களையும் கடந்து வருகிறது. பகலில் அந்தக் காடுகள் காபனீரொட்சைட்டை உறிஞ்சியிருப்பதால், வரும் காற்றில் செறிவு கடற்காற்றைவிடக் குறைந்தும் இருக்கலாம். இரவில் அதே காடுகள் வெளிவிட்டதால் கூடியும் இருக்கலாம். அப்போது நிலாவெளிக் கரைக் காற்றைப் பின்னணியாக எடுத்தால், நகரம் புகையே விடவில்லை என்ற வேடிக்கையான விடைகூட வரும். பின்னணிக் குடுவையைக் கந்தளாய்ப் பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். செறிவை மட்டும் நம்பினால் இத்தனை அல்லல். காபன்-14ஐப் பொறுத்தவரை காடு உறிஞ்சினாலும் வெளிவிட்டாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை என்பது அதன் பெரும் வசதி.

நேரமும் முக்கியம். நகரம் இரு குடாக்களுக்கும் உள்துறைமுகத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இருப்பதால், பகலில் கடற்காற்று எழுந்ததும் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது; பிற்பகலில் சந்திக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசம் சில பங்குகளாகச் சுருங்கிவிடும். இரவில் நிலம் குளிர்ந்து காற்று தாழ்வாகத் தேங்குவதால் வித்தியாசம் பெருகும், ஆனால் அது பக்கத்து அடுப்பின் கதையாகவே இருக்கும். ஊரின் கதை வேண்டுமென்றால் பிற்பகலிலும், தெருவின் கதை வேண்டுமென்றால் விடியலிலும் பிடிக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் காபனுக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் காற்று போதும். ஆய்வுகூடத்தில் ஈரத்தை நீக்கி, திரவ நைதரசனின் −196 பாகையில் காபனீரொட்சைட்டை உறையவைத்துப் பிரித்து, இரும்புத் தூளின்மேல் காரீயமாக்கி (கிராபைட்டாக்கி) ஆர்முடுக்கிக்கு அனுப்புவார்கள். நமக்கு அருகில் புதுடில்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான ஆர்முடுக்கி மையத்தில் அத்தகைய கருவி உண்டு.

குடுவையும் பம்பியும் இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இலை ஒவ்வொன்றும் தான் வளர்ந்த வாரங்களின் பகற்காற்றைச் சேமித்துவைத்த குடுவைதான். வட அமெரிக்காவில் சோள இலைகளையும் கலிபோர்னியாவில் ஓராண்டுப் புற்களையும் திரட்டிப் பெற்றோலியப் புகையின் வரைபடமே போட்டிருக்கிறார்கள். நம் தெருவோரத்தில் அதற்குக் குப்பைமேனி பொருத்தம்: எங்கும் முளைக்கிறது, சில மாதங்களில் வாழ்ந்து முடிகிறது, பழைய காபன் சேர்த்துவைக்கும் கட்டை அதற்கு இல்லை. சந்தி ஓரத்தில் வளர்ந்த ஒன்று பகல் முழுவதும் மில்லியனுக்கு 10 பங்கு பெற்றோலிய வாயு கலந்த காற்றை உண்டது என்று வைத்துக்கொண்டால், அதன் காபன்-14 நூற்றுக்கு 2.3 குறைந்திருக்கும். அந்த இலையை, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், காபன்-14 குறைவை வயதாக மாற்றிச் சொல்லும் தொல்பொருள் காலக்கணிப்புக்கு அனுப்பினால் ஏறக்குறைய 190 ஆண்டுப் பழமை என்று விடை வரும். கன்னியா வெந்நீரூற்றுக்கு அப்பால், வீதியில்லாத இடத்தில் அதே வாரம் பறித்த குப்பைமேனிக்கு வயதே இருக்காது. இரண்டு பொய் வயதுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் வாகனப்புகையின் அளவு.

இதே வழியில் பின்னோக்கியும் போகலாம். 2022 ஜூன் இறுதியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டதும், அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் வரிசைகளில் நின்றதும், எரிவாயு இன்றி வீடுகள் விறகுக்குத் திரும்பியதும் நினைவில் இருக்கும். பெற்றோல் இறங்கி விறகு ஏறிய அந்த மாதங்களில் காபன்-13 மதிப்பு அசைந்திருக்க வாய்ப்பில்லை. காபன்-14 உயர்ந்திருக்க வேண்டும். நகரை ஒட்டிய வயலில் அந்தச் சிறுபோகத்தில் விளைந்து விதைக்கென்று எடுத்துவைத்த நெல்லிலோ, அவ்வாண்டு பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்துக்குத் திகதி எழுதி ஒட்டிவைத்த இலைக் கொப்பியிலோ அது இன்றும் இருக்கிறது. கொப்பியில் இருந்து எடுப்பதானால் பசை படாத ஓரத்தை வெட்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் பல பசைகள் பெற்றோலியத்தில் செய்யப்படுபவை. இனிமேல் பறிப்பவர்கள் இலையைத் தூசி போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, இடமும் திகதியும் எழுதிய கடதாசி உறையில் போட்டு வைத்தால் போதும். உறையை மண்ணெண்ணெய்க் கலன் இருக்கும் தட்டில் மட்டும் வைக்கக்கூடாது: இலையின் காபனில் நூற்றுக்கு ஒரு பங்கு மண்ணெண்ணெயிலிருந்து ஊறினாலே அதன் வயது இன்னும் 80 ஆண்டு கூடிவிடும்.